தண்ணீர் கேனும் பிரம்புக் கேனும்: ஆங்கில உயிரொலிகளைப் பழக்குதல்

வாரம் இரண்டு முறை வாசலில் வந்து இறங்கும் தண்ணீர் கேனைத் தமிழில் 'கேன்' என்று எழுதுகிறோம். பிரம்புக்கும் ஆங்கிலத்தில் 'கேன்'தான்; அதையும் தமிழில் வேறு மாதிரி எழுத வழியில்லை. ஆங்கிலம் பேசுபவரின் காதுக்கோ இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். முதலாவதைச் சொல்லும்போது தாடை நன்றாகக் கீழே இறங்குகிறது. இரண்டாவது நம் ஏகாரத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. எழுத்தில் முதலாவது சி-ஏ-என், இரண்டாவது சி-ஏ-என்-ஈ. இந்த ஒரு ஜோடியைக் குழந்தை முதலில் காதால், பிறகு வாயால், கடைசியில் எழுத்தால் பிரிக்கப் பழகிவிட்டால் இந்த அத்தியாயத்தின் வேலையில் பாதி முடிந்துவிடும்.

நான்கு வயது முதல் ஏழு வயது வரையுள்ள, வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே சுட்டுகிறேன். சொல்லுக்குப் பக்கத்தில் பொருளையும் தருகிறேன். இல்லாவிட்டால் 'பேட்' என்று படித்ததும் அது கிரிக்கெட் மட்டையா, 'மோசம்' என்ற சொல்லா என்று உங்களுக்கே குழப்பம் வரும்.

குறில், நெடில் என்று ஆரம்பிக்காதீர்கள்

பாடப் புத்தகத்தில் 'ஷார்ட் வவல்', 'லாங் வவல்' என்று பார்த்தவுடன் நமக்குக் குறிலும் நெடிலும் நினைவுக்கு வருவது இயல்பு. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பல்–பால், எடு–ஏடு, கொடு–கோடு என்று நீளம் ஒன்றை மாற்றினாலே பொருள் மாறிவிடும். இதை மூன்று வயதுக் குழந்தைகூடத் தடுமாறாமல் பேசும். அந்தத் திறமையை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொடுத்தால் என்ன என்று தோன்றும்.

அங்கேதான் சிக்கல். ஐ என்ற எழுத்து 'பின்' (குண்டூசி) என்ற சொல்லில் நம் இகரம்போல் ஒலிக்கிறது. அதன் 'நீண்ட' ஒலி ஈகாரமாக இருக்க வேண்டும் என்றுதான் தமிழ்க் குழந்தை எதிர்பார்க்கும். வருவதோ 'பைன்' (ஒரு மரம்). ஈகாரம் எங்கே போனது? அது ஈ என்ற எழுத்தின் நீண்ட ஒலியாக உட்கார்ந்திருக்கிறது. அந்த ஈ எழுத்தின் குறுகிய ஒலி எகரம். ஆக, தமிழில் அண்ணன் தம்பியாக இருக்கும் இகரமும் ஈகாரமும் ஆங்கில எழுத்துக் கணக்கில் வேறு வேறு வீடுகளில் இருக்கின்றன.

ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் இவை குறிலும் நெடிலுமாகவே இருந்தன. 1400-இல் இறந்த கவிஞர் சாசரின் காலத்தில் 'நேம்' (பெயர்) என்ற சொல்லை ஏறக்குறைய 'நாம' என்றும், 'டைம்' (நேரம்) என்பதை 'டீம' என்றும் சொன்னார்கள். கடைசியில் உள்ள ஈ எழுத்துக்கும் மெல்லிய ஒலி இருந்தது. அதன்பிறகு 1700 வரையிலான சுமார் முந்நூறு ஆண்டுகளில் நெடில்கள் எல்லாம் வாய்க்குள் இடம் பெயர்ந்தன: ஆகாரம் ஏகாரத்தின் பக்கம் போனது, ஏகாரம் ஈகாரமானது, ஈகாரம் 'ஐ' ஆனது. குறில்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டன. இடையில் 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல உறைந்தது, நாக்கு உறையவில்லை. டேனிஷ் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் இந்த மாற்றத்துக்கு 'மாபெரும் உயிர்ப் பெயர்ச்சி' என்ற பொருளில் பெயர் வைத்தார். இதையெல்லாம் குழந்தைக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் 'ஏன் இப்படி?' என்று அது கேட்கும்போது, ஆங்கிலம் பைத்தியக்கார மொழி என்று சிரித்துத் தள்ளாமல், 'முன்னாடி அப்படித்தான் சொன்னாங்க, அப்புறம் மாத்திட்டாங்க' என்று சொல்ல உங்களுக்கு ஒரு பிடி வேண்டும் அல்லவா.

இன்றைய ஆங்கிலத்தில் நேரக் கணக்கும் சரிவராது. 'பீட்' (அடி) என்ற சொல்லின் 'நீண்ட' உயிர், பின்னால் வரும் வல்லொலியால் வெட்டுப்பட்டுச் சீக்கிரம் முடிந்துவிடும். 'பேட்' (மோசம்) என்பதன் 'குறுகிய' உயிர் அதைவிட அதிக நேரம் இழுபடுவதுண்டு. ஆகவே கைதட்டி மாத்திரை எண்ணும் பயிற்சி இங்கே உதவாது.

பேரும் சத்தமும்

குழந்தையிடம் இரண்டே சொற்கள் போதும்: பேர், சத்தம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பேர் உண்டு, ஒரு சத்தம் உண்டு. 'கேக்'கில் ஏ தன் பேரைச் சொல்கிறது. 'ஆப்பிள்' என்று நாம் எழுதும் பழத்தில் அது தன் சத்தத்தைச் சொல்கிறது. நீண்ட உயிர் என்று புத்தகம் சொல்வது அந்த எழுத்தின் பேர்தான்: ஏ, ஈ, ஐ, ஓ, யூ. எல்.கே.ஜி.யில் சேர்ந்த முதல் மாதத்திலேயே குழந்தை இந்த ஐந்தையும் பாடிவிடுகிறது. அதாவது நீண்ட உயிர்கள் ஏற்கனவே அதன் கையில் இருக்கின்றன. புதிதாகக் கற்பிக்க வேண்டியவை ஐந்து சத்தங்கள் மட்டுமே. இரண்டுக்கும் சரிபாதி நேரம் ஒதுக்கும் பயிற்சிப் புத்தகங்களோடு எனக்கு உடன்பாடில்லை. காலத்தில் முக்கால் பங்கைச் சத்தங்களுக்கே கொடுங்கள்.

நம் ஊர் வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாக ஒலிக்கும் 'சி-ஏ-டி கேட், கேட்னா பூனை' என்ற பாட்டு இங்கேதான் இடறுகிறது. சீ, ஏ, டீ என்ற மூன்று பேர்களையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'சீயேடீ' வருமே தவிரப் பூனை வராது. அந்தப் பாட்டால் சொல்லை மனப்பாடம் செய்யலாம்; புதுச் சொல்லைப் படிக்க முடியாது. எழுத்துக்கூட்டல் சொல்லிப் பார்க்க அது பின்னாளில் பயன்படும். வாசிப்பு தொடங்கும் மாதங்களில் அதைக் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம்.

ஐந்து சத்தங்கள்

நான்கு சத்தங்கள் தமிழ் வாய்க்குத் தொல்லை தருவதில்லை. ஐ எழுத்தின் சத்தத்துக்கு நம் இகரம் போதும். ஈ எழுத்துக்கு எகரம். யூ எழுத்துக்கு, ஆச்சரியமாக, அகரம்: 'கப்', 'பஸ்', 'சன்' (சூரியன்). ஓ எழுத்தின் சத்தம் ஆகாரத்துக்கும் ஒகரத்துக்கும் இடைப்பட்டது. 'பாக்ஸ்' என்று எழுதினாலும் உதட்டைச் சற்றுக் குவித்தால் பிரிட்டிஷ் ஒலி வந்துவிடும். குவிக்காமல் விட்டால் அமெரிக்க ஒலிக்குப் பக்கம். இரண்டும் சரிதான், வீட்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதான ஏ எழுத்தின் சத்தம் தமிழ் நெடுங்கணக்கில் இல்லை. கேட் (பூனை), பேக் (பை), மேன் (ஆள்) எல்லாவற்றிலும் ஏகாரம் போட்டே சமாளிக்கிறோம். இதற்கு ஒரு கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையை 'எ' என்று சொல்லவைத்து, சத்தத்தை நிறுத்தாமல் தாடையை மட்டும் மெதுவாகக் கீழே இறக்கச் சொல்லுங்கள். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டபடியே இருக்க வேண்டும். இறங்கிக்கொண்டே போகும்போது ஆகாரத்தைத் தொடுவதற்கு முன்னால் ஓரிடத்தில் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஒரு ஒலி வரும். அதுதான். மோவாய்க்கு அடியில் கையை வைத்துக்கொண்டு 'மென்' (ஆட்கள்), 'மேன்' (ஆள்) என்று மாற்றி மாற்றிச் சொன்னால் இரண்டாவதில் தாடை கையை அழுத்துவது தெரியும். குழந்தைகளுக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடிக்கும். பெரியவர்களுக்குத்தான் கூச்சம்.

பலர் 'பேங்க்' என்று ஏகாரம் போட்டு எழுதிவிட்டு, பேசும்போது வாயைத் திறந்து சரியாகவே சொல்கிறார்கள். அந்த ஒலி உங்கள் வாயிலும் இருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பாருங்கள். இருந்தால் அதுவே முன்மாதிரி.

வரிசை பற்றி ஒரு சொல். முதலில் ஏ, அடுத்து ஐ, பிறகு ஓ, யூ. ஈ எழுத்தின் சத்தத்தைக் கடைசிக்கு விடுங்கள். எகரம் ஒரு பக்கம் ஏ-யின் சத்தத்தோடும், மறுபக்கம் இகரத்தோடும் உரசுகிறது. பெட் (படுக்கை), பேட் (மட்டை), பிட் (துண்டு) மூன்றையும் ஒரே வாரத்தில் எடுத்தால் மூன்றும் குழம்பும். மெய்யெழுத்துகளில் எஸ், டி, பி, என் ஆகிய நான்கையும் ஏ, ஐ இரண்டோடும் சேர்த்தால் முதல் வாரங்களிலேயே நிறையச் சின்னச் சொற்கள் கிடைத்துவிடும். பிரிட்டனில் பரவலான ஜாலி ஃபோனிக்ஸ் முறை இந்த ஆறு எழுத்துகளோடு தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

எகரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. பேச்சுத் தமிழில் 'எட்டு' என்பதை 'யெட்டு' என்றும், 'ஒண்ணு' என்பதை 'வொண்ணு' என்றும் சொல்லும் பழக்கம் நமக்கு இருப்பதால், முட்டையைக் குறிக்கும் 'எக்' என்பது 'யெக்' ஆகிவிடும். 'ஓல்ட்' (பழைய) என்பது 'வோல்ட்' ஆகிவிடும். சொல்லின் நடுவில் எகரத்தைப் பழக்கிவிட்டுப் பிறகு முதலெழுத்துக்கு வாருங்கள், தானாகக் குறையும்.

காது முதலில், கட்டம் பிறகு

எழுத்தைக் காட்டுவதற்கு முன்னால் சில நாள்கள் காதுக்கு மட்டும் வேலை கொடுங்கள். படங்கள், பொம்மைகள், சமையலறைச் சாமான்கள் எதுவும் ஆகும். கப், பஸ், நட் (கொட்டை) மூன்றையும் சொல்லி, நடுவில் 'பின்' என்று நுழைத்து, எது சேராதது என்று கேளுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். குழந்தை எழுந்து ஓடுவதற்கு முன்னால் நீங்கள் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது மூன்று கட்டம். சோவியத் உளவியலாளர் டானில் எல்கோனின் பெயரால் அறியப்படும் முறை இது. தரையில் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டு, குழந்தையின் கையில் மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். 'கப்' என்று மெதுவாகச் சொல்லச் சொல்ல, ஒலிக்கு ஒன்றாகக் கொட்டையைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும்: க், அ, ப். தமிழ்க் குழந்தைகளுக்கு இந்த முறை தனியாக ஒரு நன்மை செய்கிறது. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால்தான் நாம் கப்பு, பஸ்ஸு, பேட்டு என்று மெய்யை இரட்டித்து ஒரு குற்றியலுகரத்தை ஒட்டிக்கொள்கிறோம். வீட்டுப் பேச்சில் அது அழகு. ஆனால் படிக்கும்போது க்-அ-ப்-உ என்று நான்கு ஒலி வந்தால் குழந்தை கடைசியில் ஓர் எழுத்தைத் தேடும். மூன்று கட்டம் நிரம்பிய பிறகு உகரத்துக்கு இடம் கிடையாது. 'கொட்டை தீர்ந்துபோச்சு, வாயை மூடு' என்று சொல்லி, உதடு மூடியபடியே நிறுத்தப் பழக்குங்கள்.

இங்கே நீங்களும் கவனமாக இருக்க வேண்டும். எம் எழுத்தின் சத்தம் 'ம்ம்ம்'. 'மு' அல்ல, 'மஹ்' அல்ல. எஸ், எஃப், என், எம் இவற்றை இழுத்துச் சொல்லலாம் என்பதால் ஆரம்பச் சொற்களுக்கு இவை வசதி.

நோட்டில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பை எழுதித் தரும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மாமாவோ அத்தையோ அன்போடு செய்யும் உதவி. ஆனால் கேன், கேன் என்று வெவ்வேறான இரண்டுக்கும் அது ஒரே வடிவத்தைக் கொடுக்கிறது. மேன் (பிடரி மயிர்), மெயின் (முதன்மை) என்று ஆங்கிலத்தில் ஒரே ஒலியுள்ள இரண்டுக்கும் வேறு வேறு வடிவம் கொடுக்கிறது. குழந்தையின் கண் எப்போதும் மேலே உள்ள தமிழுக்குத்தான் போகும். இந்த உதவியை அன்போடு மறுத்துவிடுங்கள்.

ஈ வந்து உட்காரும்போது

ஐந்து சத்தங்களும் மூன்றெழுத்துச் சொற்களில் தயங்காமல் வந்த பிறகுதான் பேர் சொல்லும் வேலை. ஓர் அட்டையில் சி-ஏ-என் என்று எழுதி, வலது ஓரத்தை மடித்து, மடிப்பின் உள்ளே ஈ எழுதி வையுங்கள். மடிப்பு மூடியிருந்தால் தண்ணீர் கேன். திறந்தால் பிரம்பு. 'ஈ வாயைத் திறக்காது. ஆனா ஏ-யைத் தன் பேரைச் சொல்ல வச்சிடும்' என்று மட்டும் சொல்லுங்கள். கிட் (பெட்டிச் சாமான்)–கைட் (பட்டம்), ஹாப் (துள்ளு)–ஹோப் (நம்பிக்கை), கப் (விலங்கின் குட்டி, பி எழுத்தில் முடிவது)–கியூப் (கனசதுரம்) என்று தொடருங்கள். திறந்து படிப்பது எளிது. மூடியதும் பழைய சத்தத்துக்குத் திரும்புவதில்தான் குழந்தை தடுமாறும், ஆகவே இரண்டு திசையிலும் பழக்குங்கள். ஈ எழுத்துக்கு இந்த மடிப்பு அட்டை வேண்டாம். அந்த வகையில் சின்னச் சொற்கள் மிகக் குறைவு. அதற்கு இரட்டை ஈ இருக்கிறது: ட்ரீ (மரம்), ஷீப் (செம்மறியாடு).

ஷீப் என்றதும் ஒரு நல்ல செய்தி. ஷிப் (கப்பல்), ஷீப் இரண்டையும் பிரிக்க முடியாமல் ஸ்பானிய மொழிக் குழந்தைகள் திணறுவார்கள். நம் குழந்தைக்கு இகர ஈகாரம் பிறவிச் சொத்து. இந்த ஜோடியில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

மீ, ஷீ, கோ, நோ போன்ற குட்டிச் சொற்களில் உயிரெழுத்துக்குப் பின்னால் எதுவுமில்லை, அதனால் அது பேரைச் சொல்கிறது. ஒரே மாலையில் முடிந்துவிடும்.

இரண்டு உயிரெழுத்து சேர்ந்து வரும் சொற்களுக்கு, 'இருவர் சேர்ந்து நடந்தால் முதலாமவர்தான் பேசுவார்' என்ற விதியைப் பல ஆசிரியர்கள் சொல்லித்தருகிறார்கள். 1963-இல் அமெரிக்கக் கல்வியாளர் தியோடர் கிளைமர் தொடக்கப்பள்ளி வாசிப்புப் புத்தகங்களில் வரும் சொற்களை எடுத்து இதுபோன்ற விதிகளைச் சோதித்தார். இந்த விதி 45 சதவீதச் சொற்களுக்குத்தான் பொருந்தியது. கடைசி ஈ விதி 63 சதவீதம். பாதிக்கும் கீழே போகும் ஒன்றை விதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் ஜோடிகளைத் தனித்தனியாக எடுங்கள்: ஏ-ஐ சொல்லின் நடுவில் (ரெயின், மழை), ஏ-ஒய் சொல்லின் கடைசியில் (டே, நாள்). ஓ-ஏ நடுவில் (போட், படகு). இவை பெரும்பாலும் நம்பத்தக்கவை. ஈ-ஏ ஜோடி நம்பத்தகாதது: ஸீ (கடல்), பிரெட் (ரொட்டி), கிரேட் (பெரிய) என்று ஆளுக்கு ஆள் மாறும். அதை மாதக்கணக்கில் தள்ளிப்போடலாம்.

கடைசி ஈ விதியை மீறும் சொற்களில் ஹேவ் (வைத்திரு), கிவ் (கொடு), லவ் (அன்பு) மூன்றுக்கும் காரணம் இருக்கிறது: ஆங்கிலச் சொற்கள் வி எழுத்தில் முடிய விரும்புவதில்லை. அந்த ஈ வெறும் முட்டுக்கொடுக்க வந்தது. கம் (வா), சம் (சில), டன் (முடிந்தது) மூன்றையும் அப்படியே பார்த்துப் பழகட்டும். கடைக் கதவில் 'புல்', 'புஷ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, யூ ஏன் அங்கே 'உ' என்கிறது என்று கேட்டால், 'அந்த ரெண்டு மூணு சொல்லு மட்டும் அப்படி' என்பது போதுமான பதில்.

நம் உச்சரிப்பு போதுமா?

வெள்ளைக்காரரைப்போல் பேசத் தெரியாத நான் எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்கும் பெற்றோர் பலர். லண்டன்காரர் 'கேக்' என்பதை 'கெய்க்' என்பதற்குப் பக்கமாக, வழுக்கிக்கொண்டு போகும் ஒலியோடு சொல்வார். நாம் நேரான ஏகாரத்தில் சொல்கிறோம். ஸ்காட்லாந்திலும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள், யாரும் அதைக் குறை சொல்வதில்லை. ஓகாரமும் அவ்வாறே. உங்கள் வாயில் கேன் இரண்டும் இரண்டாகக் கேட்க வேண்டும். மென், மேன், மெயின் என்ற மூன்று சொல்லுக்கும் மூன்று ஒலி வேண்டும். இந்த வேறுபாடுகள் இருந்தால் நீங்களே நல்ல ஆசிரியர். ஏ-யின் சத்தம் உங்களுக்கு வரவே இல்லை என்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டிவிட்டு, மற்றதை நீங்களே நடத்துங்கள்.

பொருளில்லாத சொற்களால் ஒரு சோதனை

குழந்தை படிக்கிறதா, மனப்பாடத்தை ஒப்பிக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஒலிமுறை வாசிப்புச் சோதனையில் நாற்பது சொற்கள். அவற்றில் இருபது, மொழியில் இல்லாத பொய்ச் சொற்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு விநோதப் பிராணியின் படம் இருக்கும், அந்தப் பிராணியின் பெயர் என்று நினைத்துக் குழந்தை படிக்கும். வீட்டிலும் இதைச் செய்யலாம். எம்-ஐ-எஃப் என்று எழுதி, மூன்று கண் உள்ள ஒரு பூதம் வரையுங்கள். 'மிஃப்' என்று வந்தால் சத்தம் பிடிபட்டுவிட்டது. கடைசியில் ஓர் ஈ சேர்த்து, அது பூதத்தின் தம்பி என்று சொல்லுங்கள். 'மைஃப்' என்று வந்தால் பேரும் பிடிபட்டுவிட்டது. 'மீஃப்' என்று வந்தால் குழந்தை இன்னும் இகரத்துக்கு ஈகாரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. திருத்த வேண்டாம், மறுநாள் மடிப்பு அட்டைக்குத் திரும்பி, ஐ எழுத்துச் சொற்களை மட்டும் எடுங்கள். ஒரு முறைக்கு ஆறேழு பூதங்களுக்கு மேல் வேண்டாம். பெயர் வைக்கும் வேலையைக் குழந்தையிடமே கொடுத்தால், அது எழுதி நீட்டும் பெயரை நீங்கள் படித்துக்காட்ட வேண்டியிருக்கும். அப்போது அதன் எழுத்துக்கூட்டலும் சேர்ந்தே சோதனைக்கு வந்துவிடும்.